கிரேனும் அவன் மச்சானும்

மைதானத்தில் எல்லோரும் அவனைக் கிரேன் என்றே கூப்பிட்டார்கள். நூற்றுப் பதினெட்டு கிலோ. ஏழேகால் கிலோ இரும்புக் குண்டைக் கம்பியோடு பிடித்து, நான்கு சுற்று சுற்றி விட்டெறிவான். சங்கிலிக் குண்டு எறிதலில் ஆறு வருடம் நாட்டுக்காக ஆடினான். எழுபத்திரண்டு மீட்டரைத் தாண்டவில்லை. வெளிநாட்டுப் போட்டிகளில் எட்டாமிடம், ஒன்பதாமிடம். "போனியா, போட்டோ எடுத்தியா?" என்று கூட எறிகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஏழாவது வருடம் வீட்டு பிரிட்ஜில், பால் பாத்திரத்துக்குப் பின்னால், சின்னச் சின்னப் புட்டிகள் வந்து உட்கார்ந்தன. "விட்டமின்" என்றான். மனைவி நர்ஸ். அவளிடம் அந்தக் கதை செல்லுபடியாகவில்லை.

"இது விட்டமின் இல்ல."

"தெரியுதில்ல? அப்ப ஊசிய நீயே போட்டு விடு."

போட்டுவிட்டாள். அந்த வருடமே எழுபத்தெட்டு மீட்டர். வெண்கலப் பதக்கம்.

மருந்தோடு கோபமும் ஏறியது. முதலில் அடி வாங்கியது குளியலறைக் கதவு. அப்புறம் சாலையில் ஹாரன் அடித்த ஒரு வேன் டிரைவர். அவரை ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்து இரண்டு பற்களை உதிர்த்தான். தடகளச் சங்கத்து ஆட்கள் பேசி அமுக்கிவிட்டார்கள். அப்புறம் மனைவி. சாப்பாடு ஆறிப்போனதற்காக அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கும் கேட்டது. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டாள். கட்டுப் போட்ட தோழி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் அண்ணன் வந்தார். லேத் பட்டறை வைத்திருந்தவர், அதிர்ந்து பேசாத மனிதர்.

"மாப்ள, கை சரியாகுற வரைக்கும் தங்கச்சியும் குழந்தையும் எங்க வீட்ல இருக்கட்டும்."

"என் பொண்டாட்டிய கூட்டிட்டுப் போக நீங்க யாரு மச்சான்?"

அவர் பதில் சொல்வதற்குள் பெல்ட்டையும் சட்டைக் காலரையும் சேர்த்துப் பிடித்தான். அரைச் சுற்று சுற்றி மாடிப்படியில் விட்டான். பதினோரு படி. காது கிழிந்தது, தோள்பட்டை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஏழு வயது மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி ஒற்றைக் கையால் மகளை இழுத்துக்கொண்டு, ரத்தத்தை மிதித்துப் படியிறங்கினாள். அண்ணனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனதும், ஊக்கமருந்துச் சோதனை அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் போங்க. பிரிட்ஜ்ல மேல் தட்டு."

"ஊசி போட்டது யாரும்மா?"

"நான்தான். அதையும் எழுதிக்குங்க."

மறுநாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரைச் சுவரோடு மோதித் தள்ளினான். ஆனாலும் சிறுநீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நான்கு வருடத் தடை. பதக்கம் பறிபோனது. அவளுக்கும் ஒரு வருடம் வேலை போயிற்று.

தீர்ப்பு வந்த அன்று, அவள் தங்கியிருந்த மச்சான் வீட்டு கேட்டைப் போய் உலுக்கினான்.

"எவன்டி என்னைப் போட்டுக்கொடுத்தான்?"

"எவனும் இல்ல. நான்தான்."

அவள் கதவை விட்டு நகரவில்லை. கேட்டின் கீல் பிய்ந்தது. அக்கம்பக்கத்தார் ஆறு பேர் அவன் மேல் தொங்கினார்கள். இரண்டு பேருக்கு மூக்கு உடைந்தது. போலீஸ் வந்தது. எட்டு மாதம் உள்ளே இருந்தான்.

வெளியே வந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. மருந்தோடு கோபமும் வடிந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னான். பழைய இரும்புக் கடையில் சுமை தூக்கினான். ஒரு நாள் மத்தியானம் நேரே லேத் பட்டறைக்குப் போய் நின்றான்.

"என்னை அடிங்க மச்சான்."

"சும்மா சொல்றியா, நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவர் மிஷினை நிறுத்தினார். மூலையிலிருந்து ஒரு இரும்புத் தடியை எடுத்து, அவன் தோளில் ஓங்கி அடித்தார். அவன் அசையவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு உடைந்து முழங்காலில் விழுந்தான். மூன்றாவதற்கு அவர் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"இதுக்கு மேல கை தூக்காது. யாரால தெரியுமில்ல?"

"தெரியும்."

"வண்டியில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

அன்று சாயங்காலம் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கட்டு ஒழுங்கா போட்டாங்களா?"

"போட்டாங்க."

"சரி. அதுக்காக நான் அங்க போக மாட்டேன்ணே."

"உன்னை யாரு போகச் சொன்னா?"

அவள் போகவே இல்லை. தடை முடிந்தும் அவனை யாரும் அணிக்குக் கூப்பிடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பட்டறையில் மகளைப் பார்க்க விட்டார்கள். மாமா பக்கத்திலேயே இருப்பார். அவள் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள், சிரிக்கவும் செய்வாள். ஆனால் ஸ்டூலை மட்டும் அவன் கை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் போட்டுக்கொள்வாள். அவனும் அதைப் பக்கத்தில் இழுக்கச் சொன்னதில்லை.