நான்காம் மாடிக்குப் போகும் நற்கருணை

'டங்'கென்று ஒரு சத்தம். லிஃப்ட் குலுங்கி நின்றது. விளக்கு அணைந்து, மறுபடி அழுதுவடிந்துகொண்டு எரிந்தது.

தியோலிந்தாவின் கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. கழுத்தில் தொங்கிய சின்னச் சிமிழுக்குள் ஒரே ஒரு அப்பம். காலை ஏழு மணித் திருப்பலி முடிந்ததும் பங்குச்சாமியார் கொடுத்தனுப்பிய நற்கருணை, கிறிஸ்துவின் உடல். படுக்கையும் ஊன்றுகோலுமாக நான்காம் மாடியில் இருக்கும் இதலினாவுக்கு.

"போச்சு! நான் துணி துவைக்கிற நாளாப் பார்த்துத்தான் இதுக்கு வாதம் வரும்" என்று ஈரத்துணிக் கூடையைக் கீழே வைத்தார், ஐந்தாம் மாடி நார்பர்ட்.

அபாயப் பொத்தானை அழுத்தினார். ஆள் வர முக்கால் மணி நேரமாகும் என்றது ஒரு குரல்.

"முக்கால் மணியா? அதுக்குள்ள இதலினா அக்கா மயங்கி விழுந்துடுவாங்களே!" என்றாள் தியோலிந்தா.

இதலினாவுக்குச் சர்க்கரை வியாதி. விடிந்ததும் இன்சுலின் போட்டுக்கொள்வாள். ஆனால் நற்கருணை வாங்காமல் ஒரு துண்டு ரொட்டியைக்கூடத் தொடமாட்டேன் என்பாள். நோயாளிகளுக்கு அந்த ஒருசந்தி நோன்பு கட்டாயமில்லை என்று சாமியாரே சொல்லிப் பார்த்துவிட்டார். கேட்டால்தானே?

தியோலிந்தா செல்போனை எடுத்தாள். சிக்னல் இல்லை.

"ஏம்மா, அதுல இருக்கிறதை நாமளே பங்கு போட்டுக்கலாமா?"

அவள் முறைத்த முறைப்பில் நார்பர்ட் ஓரடி பின்வாங்கினார். "சும்மா சொன்னேன்மா. கடவுளோட சேர்ந்து லிஃப்ட்ல மாட்டினவன் இந்த ஃபால் ரிவர் ஊர்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு சுவரும் நெருங்கி வந்தன. மூச்சு பாதியில் நின்றது. கணவன் ஆல்வரோ இறந்த பிறகு இப்படித்தான் ஐந்து மாதம், ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் கிடந்தாள். அப்போதுதான் இதலினா போன் செய்தாள்: "எனக்குக் கோயில்லருந்து நன்மை அப்பம் கொண்டாந்து தர ஆளில்லடி. நீ வராட்டி நான் பட்டினிதான்." வேறு வழியில்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு வருடமாகிறது, பனி கொட்டினாலும் ஏழு மணிப் பூசை தவறியதில்லை. எந்த நாளில் அழுகை நின்றது, எந்த நாளில் பசி திரும்பியது என்று அவளுக்கே தெரியாது.

சிமிழை இறுகப் பற்றினாள். தினமும் சொல்லும் வார்த்தைகள் தாமாக நாவுக்கு வந்தன.

"ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவள். ஆனால்..." மேலே சொல்ல மூச்சு இல்லை.

"ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும், என் ஆன்மா குணமடையும்" என்று துணிக்கூடையைப் பார்த்தபடியே முடித்தார் நார்பர்ட். "கோயில் படி மிதிச்சு முப்பது வருஷமாச்சு. வாய் மறக்கல பாருங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். அவரும் கூடவே சொன்னார்.

தலைக்கு மேலே 'டொக் டொக்'கென்று ஊன்றுகோல் தட்டும் சத்தம்.

"தியோலிந்தா! உள்ள நீயாடி?"

"அக்கா! எதுக்கு எழுந்து வந்தீங்க? முதல்ல போய்ச் சாப்பிடுங்க! பாவம் வந்தா என் தலையில வரட்டும், ஒரு வாய் ரொட்டி தின்னுங்கக்கா!"

மேலே ஊன்றுகோல் மறுபடி 'டொக்'கென்று தட்டியது.

"அடி பைத்தியமே, நான் தினமும் ஆறு மணிக்கே சாப்பிட்டுடுவேன். பட்டினி கிடக்கேன்னு சொல்லியிருக்காட்டி, நீ அந்த வீட்டை விட்டு வெளியில வந்திருப்பியா?"