பதின்மூன்று சோடிச் சப்பாத்து

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹவுன்ஸ்லோவில் செல்வமலர் தன் வீட்டு மாடி ஜன்னலில் நின்று அடுத்த வீட்டு வாசலில் கிடந்த சப்பாத்துகளை எண்ணினாள். பதின்மூன்று சோடி. கவுன்சிலுக்கு அனுப்பும் ஆட்சேபனைப் படிவத்தில் 'குடியிருப்போர்: பதின்மூன்று' என்று எழுதினாள்.

இருபது வருடத்துக்கு முன் அவளும் கணவன் தியாகராஜாவும் இங்கே வீடு வாங்கியபோது தெருவில் வேறு தமிழர் இல்லை. இப்போது பாதித் தெரு தமிழர். பிள்ளைகள் படித்து உத்தியோகம் பார்த்தார்கள், கார்கள் பெருத்தன, வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அடுத்த வீட்டைத் தனியாக எடுக்க ஆளில்லாமல் அது அறை அறையாக வாடகைக்குப் போனது. வந்தவர்கள் முதியோர் இல்ல வேலைக்கு விசா எடுத்து ஊரிலிருந்து வந்தவர்கள். தெருச் சங்கத்து ஆனந்தராஜா அவர்களைக் 'கெயார் விசாக்கள்' என்றார். ஆட்கள் என்று சொல்ல மறந்துவிட்டார். அறைகளை வாடகைக்கு விடக் கவுன்சில் அனுமதி மறுத்தால் அவர்கள் வெளியேறவேண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் ஆட்சேபனைதான் எடுபடும், படமும் இருந்தால் நல்லது, நாளைதான் கடைசி நாள் என்று அவர் சொல்லியிருந்தார்.

படம் எடுக்கப் போனவள் வாசலில் குனிந்தபடியே நின்றுவிட்டாள். எட்டாவது சோடி தியாகராஜாவுடையது. சுகருக்கு நடக்கச் சொல்லி அவளே வாங்கிக் கொடுத்தது. காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் பூங்காவுக்கு என்று புறப்பட்டார்.

உள்ளேயிருந்து அவருடைய சிரிப்பு கேட்டது. செல்வமலர் கதவைத் தட்டினாள். திறந்தவள் அங்கே குடியிருக்கும் கம்சிகா, வேலைச் சீருடையோடு.

"வாங்கோ அன்ரி. அங்கிள் ரெண்டு மாசமா இஞ்சதான் நடக்கிறார்."

முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாட ஒரு கை குறைந்ததால் அவரைக் கூப்பிட்டார்களாம். தியாகராஜா சீட்டைக் கீழே வைக்கவில்லை.

"துரும்புச் சீட்டு என்னட்டை இருக்கு. ஒரு நிமிசம் பொறும்."

எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று செல்வமலர் கேட்டாள். ஆறு பேர். ஆளுக்கு வேலைச் சப்பாத்து ஒன்று, வெளியில் போட ஒன்று. பதின்மூன்றாவது குடியிருப்பாளர் தன் புருஷன்தான் என்று விளங்கியதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வந்த புதிதில் ஸ்ட்ரெதமில் பதினொரு பேர் ஒரே வீட்டில் நெருக்கிக் கிடந்தபோது இந்த மனுசன் இப்படிச் சிரித்தது. சொந்த வீடு வந்தபிறகு அவள் அதைக் கேட்டதில்லை.

கையோடு கொண்டுவந்த படிவத்தை நாலாகக் கிழித்தாள். அந்த நேரம் பார்த்து ஆனந்தராஜா அவளுக்குப் போன் அடித்தார். படம் எடுத்தாச்சோ என்று கேட்டார்.

"ஆறு பேர்தான் அண்ணை. எனக்கு ஆட்சேபனை இல்லையெண்டு கவுன்சிலுக்கு எழுதப்போறன்."

வீட்டு விலை விழுந்துவிடும் என்று அவர் கத்தினார்.

"விழட்டும். விலை ஏற ஏற எங்களுக்குத் தலைக்கனமும் ஏறிப்போச்சு. அகதியா அசைலம் அடிச்சு வந்து நிக்கேக்கை எங்களுக்கும் ஆரோ இடம் தந்தவை. வசதி வந்த உடன அதை மறந்தா நாங்கள் மனுசரே? இவையும் நாங்கள்தான் அண்ணை, கொஞ்சம் பிந்தி வந்திருக்கிறம்."