தெருவில் எங்கேயோ வலித்தது

இதெல்லாம் நான் நினைத்திருக்கிற வரிசையில்தான் நடந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எந்த வலி யாருடையது என்பதே குழம்பிப்போயிருந்த காலம் அது. நினைவு மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கும்? ஆனால் அந்த வருடம் எங்கள் தெருவில் ஒருவருக்குப் பல்வலி வந்தால் பதினொரு வீட்டிலும் லேசாகப் பல் கூசியது. அதில் சந்தேகமில்லை. சொத்தைப்பல் எங்கள் தெருவிலிருந்த பஸ் கண்டக்டருக்கு. மற்ற எல்லோரும் கிராம்புத் தைலம் வாங்கினார்கள், அவர் மட்டும் வாங்கவில்லை.

தொடங்கிவைத்தவர் மூன்றாம் வீட்டுப் பொறியாளர். அவருக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. தெருக்குழாயிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் இடங்களில் அழுத்தத்தை அளக்க சென்சார்கள் பதித்திருந்தார்கள். லாரி ஒன்று கடந்துபோனால்கூட ஏதாவது ஒரு சென்சார் பதறி, குழாய் வெடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பும். ஆட்கள் ஓடிவந்து தோண்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று மூடிவிட்டுப் போவார்கள். பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த சென்சாரும் தனியாகப் பேசக்கூடாது. குழாயால் தன்னோடு இணைந்த பக்கத்து சென்சார்களைக் கேட்டு, அவை சொல்வதையும் தான் உணர்ந்ததையும் கலந்துதான் சொல்ல வேண்டும். யாரை எவ்வளவு நம்புவது என்பதைப் பழைய அளவுகளைப் பார்த்துக் கணினி நிரலே கற்றுக்கொள்ளும். ஒரு சுற்று கலந்ததும் பதற்றம் அடங்கியது. இரண்டாம் சுற்றில் பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடும் காதில் விழுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். திரையில் அழுத்தத்தைக் காட்டும் கோடு அழகாக வந்துகொண்டிருந்ததால் அவர் மேலும் மேலும் சுற்றவிட்டார். கடைசியில் எல்லா வீட்டுக் கோடுகளும் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரே கோடாகப் படிந்தன. மேலதிகாரி அதை அச்செடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். அதன்பிறகு எங்கள் தெருவை யாரும் தோண்டவில்லை.

குழாயிலிருந்து அந்தக் கலப்பு எப்போது மனிதர்களுக்கு வந்தது என்று தெரியாது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் காய்ச்சல் முழுதாக வரவில்லை. ஏழாம் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று, அவளோடு ஒரு வார்த்தை பேசியிராதவர்கள்கூடத் துணி மடித்துக்கொண்டே தங்களுக்குள் சிரித்தார்கள். சண்டைகள் பாதியிலேயே சலித்துப்போயின. “கோபம்கூட ஒழுங்கா வரமாட்டேங்குது. சம்பளம் மாதிரி, கைக்கு வர்றதுக்குள்ள பிடித்தம் போயிடுது” என்றார் கண்டக்டர். அதற்கு எல்லோரும் ஒரே அளவு சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் தேய்ந்து, காலையும் மாலையும் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

தெருக்கோடியில், குழாய் முடியும் இடத்தில், பொறியாளரின் அக்கா இருந்தார். கணவர் வேறு ஊரில் வேறு குடும்பமாகிவிட்டார். அக்கா பள்ளிச் சீருடை தைத்து மகளை வளர்த்தார். ஓர் இடத்தில் நில்லாத அந்தப் பெண்ணை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வாலு ஒருநாள் விளையாடப் போகவில்லை. அடுத்த நாள் சாப்பிடவில்லை. பொறியாளர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்கடி வலிக்குது?” என்றார்.

“தெருவுல எங்கேயோ வலிக்குது மாமா.”

மருத்துவமனையில் டாக்டரம்மா வயிற்றை அமுக்கினார். அந்த நேரத்தில் பத்து வீடுகளிலும் எல்லோரும் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். வாலு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். “அமுக்கினா கத்தணுமே” என்றார் டாக்டரம்மா. படம் எடுத்தார்கள். பலபேர் வயிற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எடுத்தது போல மங்கலாக வந்தது. “பொண்ணு வாடிக்கிட்டே போறா, அது தெரியுது. எங்கேன்னு தெரியாம நான் எப்படிக் கத்தி வைக்கிறது?”

பொறியாளர் அலுவலகத்துக்கு ஓடி நிரலை நிறுத்தினார். சென்சார்கள் பழையபடி பதறத் தொடங்கின. தெரு பதறவில்லை. அது தானாகவே கலந்துகொள்ளக் கற்றுவிட்டிருந்தது. மகளை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்த அக்காவிடம் அவர் வந்து நின்றார்.

“உங்க வீட்டுக் குழாயை அறுத்துடலாம்க்கா. வலி அவகிட்டயே திரும்பிடும்.”

“எவ்வளவு?”

“மொத்தமும். பத்து வீட்டுல இருக்கிறதும்.”

அக்கா தூங்குகிற மகளின் பாவாடை ஓரத்தை விரலால் நேராக்கினார். மெதுவாக, திரும்பத் திரும்ப.

“தாங்குவாளாடா?”

“தெரியலக்கா.”

“உன் கோட்டுல அதெல்லாம் வராதா?”

குழாய்க்காரரைக் கூப்பிட்டது அக்காதான்.

டாக்டரம்மாவை வீட்டுக்கே வரவழைத்து, வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு, நண்பகலில் அறுத்தார்கள். ரம்பம் குழாயைக் கடந்த கணத்தில் வாலு கத்தினாள். அந்தத் தெருவில் வெகுகாலமாக யாரும் அப்படிக் கத்தியதில்லை. பத்து வீடுகளிலும் கைகள் வயிற்றிலிருந்து இறங்கின. கண்டக்டர் இன்னொரு கரண்டி சாதம் கேட்டார். குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் நின்ற பொறியாளருக்கும் வயிறு லேசாகி, அவரை அறியாமல் ஒரு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. நிமிர்ந்தபோது, மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கதான்” என்றார் டாக்டரம்மா, வலது அடிவயிற்றில் கைவைத்து. குடல்வால் வெடித்திருந்தது. அறுத்துச் சுத்தம் செய்தார்கள். வாலு வெகுநாள் படுத்திருந்து பிழைத்தாள்.

குழாயை மறுபடி சேர்க்க அக்கா விடவில்லை. “அவ அழுதா அது எனக்கு முழுசா கேக்கணும்” என்றார். வாளியில் தண்ணீர் சுமந்தார். அடுத்த வருடம் கண்டக்டர் இறந்தபோது பத்து வீடுகளும் சமமாக, கொஞ்சமாக வருந்தின. அவர் மனைவிக்கு அழுகை தொண்டையைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் அவர் தெருக்கோடிக்கு நடந்துபோய், தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த குழாய்க்கு அப்பால் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். அழுபவர்களுக்கென்று அங்கே ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது.

வாலு இப்போது வேறு ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். மேலதிகாரி ஓய்வுபெற்றார். கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் காரணம் தெரியாத சிறு குற்றவுணர்வு ஒன்று உண்டு. பழகிவிட்டது. பொறியாளர் இன்னும் மூன்றாம் வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டு வாசல்வரை வருகிறார். அக்கா டீயை வெளியே நீட்டுகிறார். குடித்துவிட்டு டம்ளரைப் படியில் வைத்துவிட்டுத் திரும்புகிறார். நாற்காலி காலியாக இருக்கும் நாட்களிலும் அவர் உள்ளே போனதில்லை.