ஏற்பி காணப்படவில்லை

1

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. ஒரு சொல்லைத் திருத்தியதற்காக, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் மகளாலேயே குற்றவாளியாக்கப்பட்டார்.

[செயப்பாட்டுவினை. அடித்துவிட்டு எழுதுக: மகள் அவரைக் குற்றவாளியாக்கினாள்.]

இக்கதை அந்த மனத்தாங்கலில் பிறந்தது. எழுதுபவரும் அவரே. 'நான்' என்று தொடங்கினால் புலம்பலாகிவிடும் என்பதால், தம்மை 'ஆசிரியர்' என்றே குறிக்கிறார். பாடம் நடத்தியவருக்கும் கதை எழுதுபவருக்கும் தமிழ் ஒரே சொல்லைத் தந்திருப்பது அவருக்கு வசதி. [மகள் இதை ஒப்பமாட்டாள்.]

2

முதலில் கதையை இறைச்சிக்கூடத்தில் தொடங்கினார். 'பனிக்கட்டிப் பெட்டியுடன் ஒரு பெண் காத்திருந்தாள். வெட்டுண்ட பசுக்களுள் சினையாயிருந்தவற்றின்—'

மேலே ஓடவில்லை. அவர் அங்கே போனவரல்லர். போனவள் மகள், இரண்டாண்டு, வாரம் இருமுறை. பிறவாத கிடாரிக் கன்றுகளின் கருப்பையை வாங்கிவந்து, தாளினும் மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தாள். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் வந்து பற்றிக்கொள்ளும் மூலக்கூறு ஏற்பி. அது கருவின் எந்த மாதத்தில் தோன்றுகிறது என்பதே அவள் கேள்வி. ஏற்பியைச் சாயம் பிடித்தால் சீவலில் பழுப்புப் புள்ளிகள் தெரியும்.

"அப்பா, என் ஆய்வேட்டுல ஒற்று மட்டும் பாத்துக் குடுங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க."

"ஏற்பி! நல்ல சொல்லும்மா. யார் வச்சது?"

"அதெல்லாம் அப்புறம். நாளைக்குக் கடைசி நாள்."

3

ஆய்வேட்டில் 'மூன்றாம் மாதக் கருவில் ஏற்பி காணப்படவில்லை' என்றிருந்தது. ஒருமுறையன்று, பதினேழு முறை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர் கட்டுரைகளில் அவர் களையெடுத்த சொல் அது. 'மேசைமீது புத்தகம் காணப்படுகிறது.' யாரால்? 'இருக்கிறது' என்றால் குறைந்தா போகும்? சிவப்பு மையை எடுத்தார். பதினேழு இடத்திலும் 'இல்லை' என்றாக்கினார்.

மகள் திருத்தங்களை அப்படியே ஏற்றி, படித்துப் பார்க்காமல் ஒப்படைத்தாள். [அவர்மீது அத்தனை நம்பிக்கை. இதை அடைப்புக்குள் எழுதுவது கோழைத்தனம்.]

4

தேர்வாளர் ஒன்றுதான் கேட்டாராம்: "இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? உங்க சாயத்துல தெரியலைன்னுதானே சொல்ல முடியும்?"

ஆய்வேடு திரும்பியது. மறுபடி ஒப்படைக்க ஆறு மாதம். அவளுக்கென்று காத்திருந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று.

"தெரியலைங்கிறது வேற, இல்லைங்கிறது வேறப்பா!" கட்டு மேசையில் விழுந்தது. "உங்க இலக்கணத்துல சந்தேகத்துக்கு இடமே கிடையாதா?"

"ஏன் இல்லாம? ஐயவினான்னு ஒண்ணு—"

"பள்ளிக்கூடத்துல பசங்க உங்களுக்கு ஒற்றுன்னு பேர் வச்சது சரிதான். ரெண்டு சொல்லுக்கு நடுவுல புகுந்து உக்காந்துக்கறதே வேலை!"

அன்றோடு பேச்சு நின்றது.

5

முடிவு ஒன்று: மகள் சிரித்துவிடுகிறாள். [பொய்.]

முடிவு இரண்டு: தேர்வாளர் தம் தவற்றை உணர்ந்து— [தவறே இல்லாதவர் எதை உணர்வது?]

ஆசிரியர் எழுந்து நடக்கிறார், உட்காருகிறார், பேனாவை மூடித் திறக்கிறார். நடந்ததையே எழுதவேண்டியிருக்கிறது.

நேற்று அவர் மேசையில் ஒரு நிழற்படம் கிடந்தது. அதே மூன்றாம் மாதச் சீவல், கூர்மையான வேறு சாயம். அவர் 'இல்லை' என்று எழுதிய இடமெங்கும் பழுப்புப் புள்ளிகள். பின்புறம் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

மகளின் அறைவாசலில் நின்று, வாழ்நாளில் முதன்முறையாகச் சொன்னார்: "தப்பு என்னுதும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இளக்கம் இல்லை / காணப்படவில்லை.

வாசகரே, இரண்டையும் நான்கு முறை அடித்து நான்கு முறை எழுதியாயிற்று. இனி ஆசிரியருக்கு அந்த உரிமை கிடையாது. சிவப்பு மையை நீங்கள் எடுங்கள். இரண்டில் ஒன்றை அடியுங்கள். ஒற்று மட்டும் பார்த்துத் திருப்பித் தந்துவிடாதீர்கள்.