வெளுத்த சட்டை

பாத்ரூம் கதவைத் தள்ளியதும் பிளீச்சிங் வாடை மூக்கில் ஏறியது. அம்மா வாளிக்கு முன்னால் குந்தியிருந்தாள். முழங்கை வரை நுரை. வாளிக்குள் அப்பாவின் வாள்வீச்சுச் சட்டை.

"என்னம்மா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? கழுத்தெல்லாம் மஞ்சளேறிக் கிடக்கு. சாயங்காலம் தம்பி இதப் போட்டுக்கிட்டு ஆடப் போறான். அழுக்கோடவா நிக்கச் சொல்றே?"

கத்த வாயெடுத்த மூத்த மகள், பெரியவள், முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று வாள்வீச்சுப் பயிற்சிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே "வாயுதான்" என்று சொன்னவர், அந்தப் பெஞ்சை விட்டு எழவேயில்லை.

அடக்கம் முடிந்ததும் அதே கூடத்தில் அவர் நினைவாக ஓர் ஆட்டம். அப்பாவோடு காலமெல்லாம் வாளில் மோதிய பல் டாக்டரை எதிர்த்து, அப்பாவின் சட்டையில் தம்பி ஆடுவான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே முடிவெடுத்துவிட்டார்கள். அந்தக் கூடத்தில் போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு சட்டையையும் முகக்கவசத்தையும் சோதித்து அனுப்புவது பெரியவளின் வேலை. அவளை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாளின் குத்தைத் தாங்கவென்றே நெய்த துணி அது. ஒடிந்த வாளின் முனையைக்கூடத் தடுக்கும். ஆனால் பிளீச்சிங் பட்டால் இழை உள்ளுக்குள்ளேயே செத்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அப்பா யாரிடமும் கொடுக்காமல் தானே பச்சைத் தண்ணீரில் அலசிக் காயப்போடுவார். அம்மா அதைத் தொட்டது இன்றைக்குத்தான்.

பெரியவள் சட்டையைக் கொல்லைக்கு எடுத்துப் போய் அக்குள் தையலில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுத்தாள். தாங்கியது. மறுபடியும் இழுத்தாள். அப்போதும் தாங்கியது. ஒரு தடவை ஊறியதற்கா இந்தப் பாடு? ஒருவேளை ஒன்றும் ஆகாதோ? நிச்சயமாகச் சொல்ல அவளுக்கே தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

தம்பி வந்து நின்றான். "காஞ்சிடுமாக்கா?"

"இதப் போடாதடா."

"ஆரம்பிச்சிட்டியா?"

"அம்மா பிளீச்சிங்ல ஊற வெச்சிட்டாங்க. துணி தாங்காது."

அவன் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்க கிழிஞ்சிருக்கு? காட்டு."

"கிழியலடா. குத்து விழுந்தாத்தான் தெரியும்."

"அப்பா சரியாத்தான் சொன்னாரு. உன்கிட்ட பாஸாகணும்னா பீரோக்குள்ள நின்னுதான் ஆடணும்."

"டாக்டரு கை கனம் தெரியுமில்ல? போன மாசங்கூட வாளை ஒடிச்சாரு."

"அப்போ அம்மாகிட்ட போய்ச் சொல்லு. அப்பா சட்டைய நாசம் பண்ணிட்டீங்கன்னு இன்னிக்கே சொல்லு, பாப்போம்."

சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் கோபம் அப்பா மேல் திரும்பியது. நெஞ்சுக்கு மேல் காப்புத் துணியை அடுக்கடுக்காய் மாட்டிக்கொண்ட மனுஷன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மட்டும் பேச்சை மாற்றுவார்.

அவன் கையிலிருந்து சட்டையை வாங்கி ஒட்டப் பிழிந்தாள். நேராக அம்மா இருந்த முன்னறைக்குப் போனாள்.

"அம்மா, இத அப்பாவுக்கே போட்டுடலாம்."

"அப்போ தம்பிக்கு?"

"அவனுக்கு வேற கிடைக்கும். நீங்க இவ்ளோ பாடுபட்டுத் துவைச்சது. அவரே போட்டுக்கட்டும்."

அம்மா சட்டையைத் தடவிப் பார்த்தாள். அப்பாவுக்குப் போட எடுத்து வைத்திருந்த புதுச் சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தாள். பிறகு, "ஈரமா இருக்கேடி" என்றாள்.

"பரவால்லம்மா."

வாசற்படியில் நின்ற தம்பி பல்லைக் கடித்தான். "நெனச்சத சாதிச்சிட்டே." போனை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றான். "டாக்டர், உங்ககிட்ட இன்னொரு சட்டை இருக்கா? ... பெருசா இருந்தாலும் பரவால்ல."

அப்பாவின் கை மடங்க மறுத்தது. அவள் தனியாக முயன்று பார்த்தாள், சட்டை தோளைத் தாண்டவில்லை. தம்பி வந்து அவர் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான்.

"மெதுவா இழு" என்றான்.

பக்கவாட்டு ஜிப்பை அவள் மேலே ஏற்றினாள். அம்மா குனிந்து கழுத்துப் பட்டியை நீவிவிட்டாள்.

"பாரு, புதுசு மாதிரி."

"ஆமாம்மா."

சட்டைக் கையின் நுனியில் தேங்கியிருந்த ஈரம் விரிப்பில் மெல்லப் பரவியது. அவள் ஒரு துண்டை எடுத்து நான்காக மடித்து, அந்தக் கைக்கு அடியில் வைத்தாள்.