மிதக்கப் பழகியவள்

அலை இடுப்பைத் தொட்டதும் அகஸ்டினா தமிழ்மாறனின் கையைப் பற்றிக்கொண்டாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் புதுச்சேரிதான். இந்த முப்பத்தாறு வயதுவரை கடல் அவளை முழங்காலுக்கு மேல் தொட்டதில்லை.

"தண்ணியப் புடிக்காதீங்க மேடம். உடம்ப உட்டுடுங்க, அதுவே தாங்கும்" என்றான் அவன்.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவள் கிளார்க். அவன் அங்கே லேப் உதவியாளன். கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. ஞாயிறு காலைகளில், உடன் வேலை செய்கிறவர்களுக்குத் தன் ஊர்க் கடலில் நீச்சல் சொல்லித்தந்தான். அகஸ்டினா மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் வந்துவிடுவாள். வீட்டில் அண்ணியிடம், கோயிலில் வேலை இருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

மல்லாந்து படுக்கும்போது அவன் உள்ளங்கை முதுகுக்குக் கீழே இருக்கும். காதுகள் தண்ணீருக்குள் போனதும் உலகம் அடுத்த அறைப் பேச்சுபோல் மங்கிவிடும். மேலே வானம் மட்டும். அந்தக் கை வாரம் முழுவதும் அவளோடு இருந்தது. டிசி வாங்க வந்த பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் நாற்காலி அலைமேல் கிடப்பதுபோல் மெல்ல அசையும். பக்கத்து மேசைக் கலைமகள், "என்னாக்கா, தனியா சிரிக்கிற?" என்பாள்.

மேகம் கவிந்திருந்த ஒரு ஞாயிறு மற்றவர்கள் யாரும் வரவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அகஸ்டினா சொன்னாள்:

"மாறன், எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அதுவரை அவளுக்கு வந்த வரன்களை வேண்டாம் என்றதும் பார்க்கலாம் என்றதும் வீட்டார்தான். அவளை யாரும் கேட்டதில்லை.

ஓர் அலை இருவரையும் தூக்கி இறக்கிவிட்டுப் போனது.

"எனக்கு அந்த நெனப்பு வந்ததில்ல மேடம். இல்லாதத இருக்குன்னு சொன்னா அது தப்பு."

"சரி" என்றாள். குரல் உடையவில்லை.

கரையில் ஈர உடையோடு வெகுநேரம் அழுதாள். ஆனால் திரும்பும் வழியில், காற்று முகத்தை உலர்த்திக்கொண்டிருந்தபோது, அழுகைக்கு அடியில் ஏதோ லேசாக இருந்தது. தன் வாயால் தனக்காக ஒன்றைக் கேட்டிருக்கிறாள். கேட்டு, உயிரோடுதான் இருக்கிறாள்.

"எங்க போயிட்டு வர? தலையெல்லாம் ஈரம்?" என்றாள் அண்ணி.

"கடல்ல நீஞ்சப் போனேன் அண்ணி. அடுத்த வாரமும் போவேன்."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அகஸ்டினா தலை துவட்டப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு கடல் ஓசையடங்கிக் கிடந்தது. தமிழ்மாறன் தயங்கித் தயங்கி அருகே வந்தான். "கூட வரட்டுமா?"

"வாணாம். நீங்க இங்கயே இருங்க. நான் பாத்துக்கறேன்."

அலை உடையும் இடத்தைத் தாண்டினாள். அங்கே தண்ணீர் தூங்குகிறவர் மார்பைப்போல் ஏறி இறங்கியது. திரும்பிப் பார்த்தாள். இந்தப் பக்கமிருந்து கரையை அவள் பார்த்ததே இல்லை. படகுகள், சவுக்கு மரங்கள், யார் யாரென்று தெரியாத மனிதர்கள், எல்லாம் விரல் அளவில். ஒரு மாடியில் யாரோ மஞ்சள் புடவையை உதறிக் கொடியில் போட்டார்கள். காற்று அதன் உள்ளே புகுந்து நிரப்பிக்கொண்டிருந்தது.