மூடியில்லாத டின்

ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள். ஊருக்குப் போகும் கார்கள் நெடுஞ்சாலையில் ஆமை வேகத்தில் ஊர்ந்தன. சுஹைலாவின் மூக்கில் கருகல் வாடை ஏறியது.

"அபாங், பிளாஸ்டிக் தீயுற வாடை வருது."

"நோன்பு வயித்துக்கு எல்லா வாடையும் வரும். யாரோ லெமாங் சோறு சுடுறாங்க," என்றான் கணவன் ஹஃபிஸாம்.

"லெமாங்கை மூங்கில்ல சுடுவாங்க, பிளாஸ்டிக் வாளியில இல்ல. வண்டிய ஓரங்கட்டுங்க!"

ஓய்விடத்தில் இறங்கிப் பார்த்தால், போன வாரம் மாட்டிய தடித்த சைலன்சர் குழாய் பம்பரின் பிளாஸ்டிக் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. எடுப்பாகத் தெரியட்டும் என்று அவன்தான் அதைத் தூக்கிக் கட்டியிருந்தான். கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த கார். இப்போது போவதும் அவர் வீட்டுக்குத்தான்.

குழாய் ஆறியதும் குனிந்து தடவினான். விளிம்பு லேசாக நெளிந்திருந்ததே தவிர, உருகி ஓடவில்லை. அப்பாடா! கட்டைத் தளர்த்திக் குழாயை இரண்டு விரற்கடை இறக்கினான். சூட்டைத் தடுக்க நடுவில் ஒரு தகரம் வேண்டுமே என்று விழித்தான். தன் அம்மாவுக்கு வாங்கிய அன்னாசிப் பலகார டின்னின் மூடியை சுஹைலா மனமில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். அதைக் கம்பியால் இறுக்கினான்.

அப்புறம் கருகல் வாடையே இல்லை. மடியில் திறந்த டின். நோன்பு வயிற்றை ஐந்து மணி நேரம் கிள்ளிய அன்னாசி வாசம்.

வீட்டு வாசலில் அம்மா டின்னை வாங்கினாள்.

"மூடி எங்கடி?"

"காருக்குப் பின்னாடி உங்க மருமகன் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்கும்மா."